சுங்குடிக் கடையின் கல்லாவிலிருந்து வாட்ஸ்அப் பிசினஸ்: ஒரு மதிப்பாய்வு

மதுரை விளக்குத்தூண் பக்கம் என் அக்கா நடத்திவரும் சுங்குடிச் சேலைக் கடையில் சரக்கு எடுப்பதும் வந்தவர்களைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. கணக்கும் கைபேசியும் என் பொறுப்பு. ஆகவே வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் பற்றி இங்கே எழுதுபவை எல்லாம் ஒரு சிறு ஜவுளிக் கடையின் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவையே. பெரிய நிறுவனங்களுக்கென்று தனிச் சேவை இருக்கிறது. அதைப் பிறகு தொடுகிறேன். இரண்டு மூன்று பேர் மட்டுமே உழைக்கும் ஒரு கடை, விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ந்து மக்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க இந்தச் செயலி எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

2018 ஜனவரியில் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு இச்செயலி வந்தது. ஐபோனுக்கு மறு ஆண்டு வந்தது. இதற்குக் கட்டணம் இல்லை. சாதாரண வாட்ஸ்அப்பில் உள்ள ஏறக்குறைய எல்லாமே இதிலும் உண்டு என்பதால் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு. அதற்கு மேல் கடையின் விவரப் பக்கம், பொருள்களின் கேட்டலாக், உரையாடல்களுக்கு ஒட்டும் லேபிள்கள், முன்பே எழுதி வைத்துக்கொள்ளும் பதில்கள், முதல்முறை எழுதுவோருக்குத் தானாகச் செல்லும் வரவேற்பு, கடை மூடியிருக்கும் நேரத்துக்கான செய்தி ஆகியவை கூடுதலாகக் கிடைக்கின்றன. ஒரே கைபேசியில் வீட்டு எண்ணுக்குச் சாதாரண வாட்ஸ்அப்பையும் கடை எண்ணுக்கு இதையும் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகவே பலர் இதை நிறுவுகிறார்கள். நிறுவிவிட்டு மற்றவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எங்கள் சரக்கைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தக் கருவியின் பயன் விளங்கும். மதுரைச் சுங்குடி, சௌராஷ்டிர மக்களின் கைவேலையாக வளர்ந்த பருத்திச் சேலை. புவிசார் குறியீடும் பெற்றது. துணியில் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்தால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளை வட்டங்கள் நிற்கும். இன்று சந்தையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி, உருக்கிய மெழுகில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் ஒற்றிச் சாயமிடுவதும், திரை அச்சில் அடிப்பதும்தான். கைபேசியில் எடுத்த படத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். நேரில் பார்த்தால் கைக்கட்டுப் புள்ளி ஒன்றுக்கொன்று சற்று மாறியிருக்கும். முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடு தட்டியிருக்கும். விரலால் தடவினால் தெரியும். விலையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. கடைக்கு வருபவருக்கு அக்கா சேலையை மடி பிரித்து, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, கையில் கொடுத்துவிடுவார். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து கேட்பவரிடம் துணியை எப்படிக் கையில் கொடுப்பது? அவர் நம்மை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு படத்தைப் பார்த்து வந்துவிடாது. பல நாள் பல படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். தொடர்ந்து கண்ணில் பட்டுக்கொண்டிருப்பது ஒரு சிறு கடைக்கு ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் கிடைக்கும் பதில் இதுதான்.

இதில் இன்னொரு நடைமுறையும் இருக்கிறது. முன்பின் தெரியாத கடைக்கு யுபிஐ மூலம் பணம் அனுப்பும் முன் பெரும்பாலோர் அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து, கடைசியாக என்ன போட்டிருக்கிறார்கள், எப்போது போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு படம், முந்தின வாரம் ஒன்று, அதற்கும் முந்தின வாரம் ஒன்று என்று இருந்தால் கடை நடக்கிறது என்று தெளிகிறார்கள். இரண்டு தீபாவளிக்கு முன் போட்ட தள்ளுபடி அறிவிப்போடு பக்கம் நின்றுபோயிருந்தால், கடையில் சரக்கு மலையாகக் குவிந்திருந்தாலும் அது மூடிய கடைதான். பக்கமே இல்லாத கடையைப் பற்றிக்கூட மக்கள் கடை சிறியது போலும் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆரம்பித்துப் பாதியில் விட்ட பக்கத்தைக் கண்டால் சந்தேகம் வருகிறது. அதனால், தொடர்ந்து நடத்த ஆள் இல்லாதவர்கள் நாலு தளங்களில் கணக்குத் திறக்காமல் ஒன்றே ஒன்றைத் திறப்பது மேல் என்று கேட்பவர்களிடம் சொல்லி வருகிறேன். அந்த ஒன்று எது என்று கேட்டால், உள்ளூர் வாடிக்கையாளர்கள் உள்ள கடைக்கு என் பதில் வாட்ஸ்அப் பிசினஸ்தான்.

இனி வசதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். விவரப் பக்கத்தில் முகவரி, கடை நேரம், வரைபடத்தில் இடம், என்ன விற்கிறோம் என்பது பற்றிச் சில வரிகள் ஆகியவற்றை இடலாம். பத்து நிமிட வேலை. ஆனால் இதை ஒருமுறை எழுதிவிட்டு மறப்பதுதான் வழக்கம். சித்திரைத் திருவிழாக் காலத்தில் மாசி வீதிகளில் போக்குவரத்தை மாற்றுவார்கள், கடை நேரமும் மாறும். பழைய நேரமே பக்கத்தில் நின்றால், வெயிலில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறவர் மறுபடி வரமாட்டார். தொடர்ச்சி என்றால் புதுப்புதுப் படங்கள் போடுவது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கடை நேரத்தைத் திருத்தி வைப்பதும் அதில் சேர்த்திதான், அதற்குக் கலைநயம்கூடத் தேவையில்லை.

கேட்டலாக் வசதியை 2019 நவம்பரில் சேர்த்தார்கள். இந்தியா அதில் முதல் சுற்றிலேயே இருந்தது. படம், பெயர், விலை, சிறு விளக்கம் ஆகியவற்றோடு 500 பொருள்கள் வரை ஏற்றலாம். செக்கு எண்ணெய், மசாலாப் பொடி, ஊறுகாய், ஊதுபத்தி போல ஒரே பொருள் திரும்பத் திரும்ப வரும் தொழிலுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. சேலைக்கு இது பாதிதான் பொருந்துகிறது. கைக்கட்டுச் சேலையில் ஒரே நிறம், ஒரே பார்டர், ஒரே புள்ளி அமைப்பு மறுபடி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சேலையையும் ஏற்றினால், விற்ற மறுநிமிடம் அதை எடுத்தாக வேண்டும். எடுக்கத் தவறினால், இல்லாத சேலைக்கு ஐந்து பேர் கேட்பார்கள், ஐந்து பேரிடமும் இல்லை என்று சொல்ல வேண்டும். ஆகவே கேட்டலாகில் தனித்தனிச் சேலைகளை ஏற்றாமல், கைக்கட்டு, மெழுகு அச்சு, ஜரிகை பார்டர், ப்ளவுஸோடு கூடியது என்று வகைகளை மட்டும் ஏற்றி, ஒவ்வொரு வகைக்கும் விலை எந்த அளவிலிருந்து எந்த அளவுவரை என்பதை விளக்கத்தில் எழுதி வைத்தோம். பார்க்கிறவர் தனக்கு எட்டும் வகையைத் தெரிந்துகொண்டு கேட்கிறார். பேச்சு அங்கிருந்து தொடங்குகிறது.

விலையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தைப் போட்டுவிட்டு விலை கேட்பவருக்கெல்லாம் "இன்பாக்ஸ் வாங்க" என்று பதில் எழுதும் பழக்கம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணி மகிழ்வதைத் தவிர இதில் கடைக்காரருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மின்வணிகத்துக்காக 2020-ல் மத்திய அரசு வகுத்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே மொத்த விலையை வெளிப்படையாகக் காட்டச் சொல்கின்றன. விதி இருக்கட்டும், விலை கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் ஒதுங்கிப் போனது நமக்குத் தெரியவும் தெரியாது.

இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்தவை தயார்ப் பதில்களும் லேபிள்களும். சேலைக் கடைக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விகள். சாயம் போகுமா, முந்தி எப்படி இருக்கும், ப்ளவுஸ் பிட் உண்டா, எத்தனை கஜம், கூரியர் செலவு எவ்வளவு, கடையில் வந்து பார்க்கலாமா? இவற்றுக்கு ஒருமுறை நிதானமாக உட்கார்ந்து நல்ல தமிழில் பதில் எழுதி வைத்துவிட்டால், பிறகு சாய்கோடும் ஒரு குறுஞ்சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். இப்படி 50 பதில்கள் வரை சேர்த்து வைக்கலாம். சாயம் பற்றிய எங்கள் பதிலில், முதல் சில துவைப்புக்கு அடர்நிறச் சேலையைத் தனியாக உப்புத் தண்ணீரில் அலச வேண்டும், கொஞ்சம் சாயம் இறங்கத்தான் செய்யும், நிழலில் உலர்த்த வேண்டும் என்பதெல்லாம் இருக்கிறது. சாயமே போகாது என்று அடித்துச் சொல்லும் கடைகளுக்கு நடுவில் இந்தப் பதில் எங்களுக்கு வியாபாரத்தைக் குறைக்கும் என்று அக்கா முதலில் தயங்கினார். குறையவில்லை. அந்தப் பதிலை வாங்கியவர்கள் துவைத்த பிறகு சண்டைக்கு வருவதில்லை என்பது கூடுதல் நிம்மதி. மாலை நேரக் கூட்டத்தில் கல்லாவில் நான்கு பேர் நிற்கும்போதும் கைபேசியில் கேட்டவருக்கு முழுமையான, கோபமில்லாத பதில் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்வது, ஒரு சிறு கடையால் முன்பு முடியாத காரியம்.

லேபிள்கள் இன்னும் எளியவை. புதிய வாடிக்கையாளர், புதிய ஆர்டர், பணம் வர வேண்டியது, பணம் வந்தது, ஆர்டர் முடிந்தது போன்ற லேபிள்கள் செயலியிலேயே நிறம் குறித்துத் தயாராக இருக்கின்றன. நாமாகச் சேர்ப்பவற்றோடு 20 வரை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் சேர்த்தவற்றில் ஒன்று "மாம்பழ மஞ்சள் வந்தால் சொல்ல". கேட்ட நிறம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவதோடு முடியாமல், அந்த நிறம் வந்த அன்று அந்த லேபிளைத் திறந்து, கேட்டு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் படத்தை அனுப்பினால், அவர்களுக்கு அது விளம்பரமாகத் தெரிவதில்லை. "அக்கா, ஞாபகம் வச்சிருந்தீங்களே!" என்றுதான் பதில் வரும். உண்மையில் ஞாபகம் வைத்திருந்தது லேபிள்தான். அதைச் சொல்லிக் கெடுப்பானேன்.

தானாகச் செல்லும் வரவேற்புச் செய்தி, முதல்முறை எழுதுபவருக்கும் 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி எழுதுபவருக்கும் போகும். கடை மூடிய நேரத்துக்கான செய்தியை, நாம் குறித்த கடை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி அமைக்கலாம். இரண்டும் நல்ல வசதிகள். இரண்டையும் பெரும்பாலான கடைகள் கெடுத்து வைத்திருக்கின்றன. "உங்கள் செய்தி எங்களுக்கு மிகவும் முக்கியம், விரைவில் தொடர்புகொள்வோம்" என்று வந்தால் எந்த வங்கியிலிருந்து வந்தது என்றே தோன்றும். எங்கள் கடையின் இரவுச் செய்தி, கடை காலை பத்து மணிக்குத் திறக்கும், திறந்ததும் பதில் எழுதுவோம், அதுவரை பார்க்கக் கேட்டலாக் இதோ என்று சொல்லி நின்றுவிடுகிறது. சொன்னபடி பத்து மணிக்குப் பதில் போக வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி, அதைச் செயலி செய்து தராது.

இப்போது ஸ்டேட்டஸுக்கு வருகிறேன். தொடர்ந்து கண்ணில் படுவது என்பது இந்தச் செயலியில் நடக்கும் இடம் அதுதான். போடும் படம் 24 மணி நேரம் இருக்கும், பிறகு மறைந்துவிடும். தினமும் ஒரு சேலை, காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டபின் வாசல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்கள், ஒரு வரி விவரம், விலை: இவ்வளவுதான் நாங்கள் போடுவது. ஒரு படத்தில் சேலையின் உடலும் பார்டரும், இன்னொன்றில் முந்தி. டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு நிறம் கறுத்துப் போகிறது, மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடுகிறது. அதனால்தான் வாசல் வெளிச்சம். அதே காரணத்துக்காக, நிறத்தை மெருகேற்றும் வடிப்பான்களைத் தொடுவதே இல்லை. படத்தில் பார்த்த நிறம் பொட்டலத்தைப் பிரித்தபோது இல்லை என்றால் அத்தோடு அந்த உறவு முடிந்தது.

ஸ்டேட்டஸின் பலன் உடனே தெரியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனாலேயே பலர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். யார் யார் பார்த்தார்கள் என்பதைச் செயலி காட்டுகிறது. அந்தப் பட்டியலில் நாள் தவறாமல் பெயர் வரும், ஆனால் ஒரு வார்த்தை எழுதாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மதுரையில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் அவர்களில் அதிகம். மாதக்கணக்கில் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மாமியாரின் சஷ்டியப்த பூர்த்திக்கோ வளைகாப்புக்கோ ஒருநாள், "சித்தி, வந்தவங்களுக்கு வச்சுக் கொடுக்கப் பதினஞ்சு சேலை வேணும், அன்னைக்கு ஆவணி மாசம் ஒரு பச்சை போட்டிருந்தீங்களே, அந்த மாதிரி" என்று எழுதுவார்கள். அந்தப் பச்சைச் சேலையைப் போட்ட நாளில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அன்றைய கணக்கில் அது வீண் உழைப்பு. சமூக ஊடக உழைப்பை நாள் கணக்கில் அளந்தால் எல்லா நாளும் நட்டமாகத்தான் தெரியும். தேவை எப்போது எழும் என்பது வாங்குகிறவர் வீட்டுக் காலண்டரில் இருக்கிறது, அந்த நாளில் அவர் நினைவில் முதலில் வருவது யார் என்பதற்காகத்தான் மற்ற நாள்களின் உழைப்பு எல்லாம்.

ஆனால் ஸ்டேட்டஸுக்கு ஒரு பெரிய வேலி இருக்கிறது. நம் எண்ணை அவர் சேமித்திருக்க வேண்டும், அவர் எண்ணை நாமும் சேமித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் படம் அவர் கண்ணில் படாது. ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலிலும் இதே கதைதான்: ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும், அவர்களிலும் நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல், ஆயிரம் எண்களைக் காசு கொடுத்து வாங்கிப் பட்டியல் பட்டியலாகச் சேர்த்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். போய்ச் சேர்வதில்லை, சேர்ந்தாலும் தடை செய்யப்படுகிறார்கள், தடைகளும் புகார்களும் பெருகினால் எண்ணே முடங்கக்கூடும். நேர்வழி மெதுவானது. பில் போடும்போது, எண்ணைச் சேமித்துக்கொண்டால் புதுச் சரக்கு வருவதைப் பார்க்கலாம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கல்லாப் பக்கம் கியூஆர் குறியீட்டை அச்சடித்து ஒட்டி வைக்க வேண்டும். பையிலும் அச்சடிக்க வேண்டும். வேலியால் ஒரு நன்மையும் உண்டு: பார்க்கிறவர்கள் எல்லோரும் தாமாக விரும்பி எண்ணைச் சேமித்தவர்கள், எனவே எண்ணிக்கை சிறியதானாலும் அதில் பதர் குறைவு. 2023-ல் வந்த சேனல் வசதியில் எண்ணைச் சேமிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அது தனி இடத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது, பேச்சு ஒருவழிதான், சேலை விற்பனைக்கு அது ஒத்துவரவில்லை.

முன்பே நம்மை அறிந்தவர்களிடம் தொடர்ந்து இருக்க வாட்ஸ்அப் பிசினஸ் மிக நல்ல கருவி. நம்மை அறியாதவர்களிடம் கொண்டு சேர்க்க அதனால் ஏறத்தாழ ஒன்றும் முடியாது. அந்த வேலைக்கு இன்ஸ்டாகிராமும் கூகுள் வரைபடத்தில் வரும் கடைப் பக்கமும் வேண்டும். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும், அடுத்த மாதமே இந்தியாவுக்கு ரீல்ஸ் வந்ததும், கடைக்காரர்கள் எல்லோரும் வீடியோ எடுக்கத் தொடங்கியதும் நினைவிருக்கும். ரீல்ஸ் புதியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே எத்தனை போட்டால் போதும் என்பதில்தான் சிறு கடைக்காரர்கள் திணறுகிறார்கள். நாளுக்கு மூன்று போடு, ஐந்து போடு என்று ஆளுக்கொரு அறிவுரை. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2021-ல் பேசும்போது, வாரத்துக்கு இரண்டு பதிவும் நாளுக்கு இரண்டு ஸ்டோரியும் என்ற அளவைத்தான் சொன்னார். ஒரு சிறு கடை மூச்சு முட்டாமல் ஆண்டு முழுதும் செய்யக்கூடியது அவ்வளவுதான், போதுமானதும் அதுதான். இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் உரிமையாளரான மெட்டா நிறுவனம் தரும் மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவசக் கருவியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த வாரத்துப் பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் நிற்க இடமில்லாதபோது பதிவு நின்றுபோகாமல் இருக்க இதுவே வழி. மக்கள் அதிகம் தேடுவதும் அந்த வாரத்தில்தான்.

எல்லாவற்றையும் வெளியாளிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்தோம். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு விளம்பர நிறுவனம் எங்கள் பக்கத்தை நடத்தியது. பதிவு ஒருநாளும் தவறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வந்தவை எல்லாம் உலகத் தண்ணீர் தினம், உலகப் புன்னகை தினம், வார இறுதி வாழ்த்து, யாரோ ஒரு வடநாட்டு மாடல் பட்டுச் சேலையில் சிரிக்கும் படம். ஒரு சுங்குடிச் சேலையைக்கூட அவர்கள் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பக்கம் நாள் தவறாமல் இயங்கியது, கடையைப் பற்றி ஒரு செய்தியும் அதில் இல்லை. "கூரியருக்குக் கொடுத்த சேலை வந்துச்சா?" என்று வாடிக்கையாளர் கீழே கேட்ட கேள்விக்கு அவர்கள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்ட அன்று அக்கா கணக்கை முடித்துக்கொண்டார். வடிவமைப்பு வேலையை வெளியே கொடுக்கலாம். பதில் சொல்வதைக் கொடுக்க முடியாது.

செயலியின் குறைகளில் மேலே சொன்ன வேலியைத் தவிர இன்னும் சில உண்டு. முதன்மைக் கைபேசியோடு மேலும் நான்கு கருவிகளை மட்டுமே கட்டணமின்றி இணைக்கலாம். எங்களுக்கு அது தாராளம், இரண்டு கிளைகள் உள்ள கடைக்கு இடிக்கும். எந்த ஊழியர் எந்தப் பதிலை எழுதினார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. கணக்கு எழுதும் மென்பொருளோடு இது பேசாது. ஆர்டர் முடிந்தது என்று லேபிள் ஒட்டினாலும் பில்லைத் தனியாகத்தான் போட வேண்டும். பணம் அனுப்பியதாக வரும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி சரக்கை அனுப்பக் கூடாது என்பதைச் செயலி சொல்லித்தராது. வங்கிக் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்தபின்பே பொட்டலம் கட்ட வேண்டும் என்பது இன்று விளக்குத்தூண் கடைகளில் எழுதாத சட்டம். எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் தோளில் ஏற்றுவதில் உள்ள ஆபத்தும் சிறியதல்ல. 2021 அக்டோபர் 4 அன்று இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோயின. நம் நாட்டில் அது இரவானதால் கடைகள் தப்பின. பகலில் நடந்திருந்தால் பலருக்கு வாடிக்கையாளரின் எண்கூட வேறெங்கும் இருந்திருக்காது. அதனால் பில் புத்தகத்தில் பெயரும் எண்ணும் எழுதும் பழைய வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

கட்டணச் சேவை பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். வாட்ஸ்அப் பிசினஸ் தளம் என்ற பெயரில் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது இந்தச் செயலி அல்ல. மென்பொருள் வழியாக இணைப்பது. 2025 ஜூலை முதல் அதில் செய்திக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள், விளம்பரச் செய்திக்கு விலை கூடுதல். நாளொன்றுக்கு ஒருவரே உட்கார்ந்து பதில் சொல்லி முடிக்கக்கூடிய அளவில் விசாரணை வரும் கடைக்கு அது தேவையில்லாத செலவு. அதை விற்க வருகிறவர்கள் வாரந்தோறும் வருவார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஆக, யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? சேலை, நகைக்கூலி வேலை, தையல், பலகாரம், நாற்றுப்பண்ணை, பழுது பார்ப்பு என்று திரும்பி வரும் வாடிக்கையாளரை நம்பி நடக்கும் எந்தச் சிறு தொழிலுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே ஒருமுறை மட்டும் வந்துபோகும் சுற்றுலாப் பயணிகளை நம்பிய கடைக்குக் கூகுள் பக்கத்தைச் சரியாக வைத்திருப்பதே போதும். ஒரு நாளில் இதற்கென்று குறித்த ஒரு நேரமும், அந்த நேரத்தில் உட்கார ஒரு ஆளும் இல்லாத கடைக்கு இச்செயலி உதவாது. பதில் வராத எண்ணை ஊர் முழுக்க அச்சடித்துக் கொடுத்ததுதான் மிச்சமாகும்.

நிறுவப் போகிறவர்களுக்கு ஒன்று. கடைக்கென்று தனி சிம் வாங்கி, அதைக் கடை உரிமையாளர் பெயரிலேயே வைத்திருங்கள். கல்லூரி முடித்த தம்பியின் எண்ணிலோ, கைபேசி நன்றாகத் தெரியும் என்று வேலைக்கு வைத்த பையனின் எண்ணிலோ தொடங்கிவிட்டு, அவர்கள் வேறு ஊருக்குப் போனதும் வாடிக்கையாளர்கள் மொத்தமும் கூடவே போய்விட்ட கடைகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அமைப்புகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்கக் குறியெண்ணை வைத்து, அதை மறந்துபோனால் மாற்றிக்கொள்ள மின்னஞ்சலையும் இணைத்துவிடுங்கள். ரீசார்ஜ் தேதியையும் எங்காவது குறித்து வையுங்கள், ஏனென்றால் நீண்ட நாள் செயல்படாமல் கிடக்கும் எண் வேறொருவர் கைக்குப் போய்விடும்.